ரெண்டும் ஒண்ணுதானே என்று கேட்ட மாமாவுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு யாராவது ஒருவர் வந்துவிடுவார். இந்த வருடம் வந்தவர் பென்னாகரம் பக்கம், எனக்கு மாமா முறை. "பொண்ணு ஆர்ட்ஸ் குரூப்பு மாப்ள. நான் வரலாறு போடலாங்கறேன், அவ ஏதோ சோசியல் ஒர்க்குன்னு நிக்கறா. ரெண்டும் ஒண்ணுதானே, எதைப் படிச்சாலும் டீச்சர் ஆயிடலாம்ல?" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அவரிடம் சொன்னதையும் சொல்ல நேரமில்லாமல் போனதையும் சேர்த்து எழுதி வைக்கிறேன், அடுத்த வருடமும் யாராவது வருவார்கள்.

முதலில் கேட்ட கேள்விக்குப் பதில். ஒன்றில்லை மாமா. அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தும் பட்டதாரி ஆசிரியர் வேலைக்கு வரலாறோ புவியியலோ படித்திருக்க வேண்டும், அதற்கு மேல் பி.எட்., அதற்கு மேல் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள். மொத்தம் 150 கேள்வி, 60 சமூக அறிவியலுக்கு, குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் ஒரு 30, தமிழ் 30, ஆங்கிலம் 30. அதில் தேறிவிட்டால் வேலை என்று நினைத்துவிடக் கூடாது, போட்டித் தேர்வு தனியாக இருக்கிறது. நான் பி.எட். படித்தபோது ஒரே வருடம், 2015லிருந்து இரண்டு வருடம் ஆக்கிவிட்டார்கள். பி.எஸ்.டபிள்யூ., அதாவது உங்கள் பெண் கேட்கிற சோசியல் ஒர்க் பட்டத்தை வைத்துக்கொண்டு இந்த வரிசையில் நிற்க முடியாது. இதை யாரும் சேர்க்கும்போது சொல்வதில்லை. "எல்லாம் சோசியல்தான்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, மூன்று வருடம் கழித்து ஒரு பெண் என்னிடம் வந்து அழுததைப் பார்த்திருக்கிறேன்.

நான் பி.ஏ. வரலாறு, பி.எட். தர்மபுரி மாவட்டத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். என் தங்கச்சி பி.எஸ்.டபிள்யூ. படித்து, அதற்கு மேல்படிப்பான எம்.எஸ்.டபிள்யூ.வும் முடித்து, குழந்தைகளுக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். அவள் சேரும்போது அப்பா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "சேவை பண்றதுக்கு எதுக்குமா படிப்பு?" ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் எண்ணம், நோட்டுப் புத்தகமும் வேட்டி சேலையும் கொடுப்பதுதான் சமூகப் பணி என்று. எனக்கும் அப்போது அதைவிடப் பெரிதாக ஒன்றும் தெரியாது. மும்பையில் 1936லேயே டாட்டா பெயரில் இதற்கென்று ஒரு கல்லூரி வந்துவிட்டது, 1952ல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் ஒன்றைத் தொடங்கினார் என்பதெல்லாம் அவள் படிக்கும்போது சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், வரலாறு படித்தவன் நான்!

அவளுக்கு வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. வகுப்பில் உட்காராமல் ஏதாவது ஒரு காப்பகத்துக்கோ, பள்ளிக்கோ, ஊருக்கோ போக வேண்டும், போய் வந்து அன்றைக்கே அறிக்கை எழுத வேண்டும். யாரைப் பார்த்தேன், என்ன கேட்டேன், அவர்கள் என்ன சொன்னார்கள், நான் எங்கே தவறாகப் பேசினேன் என்பது வரை. அந்தக் கடைசி வரிதான் எனக்கு ஆச்சரியம். என் பி.எட். பாடத்திட்டக் குறிப்பேட்டில் நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு எல்லாம் எழுதினேன். நான் எங்கே தவறினேன் என்று எழுத ஒரு கட்டம்கூட அதில் இருந்ததில்லை.

இரண்டாம் வருடம் பத்து நாள் ஊரக முகாம். பாலக்கோடு தாண்டி ஒரு ஊர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்க்கப் போனேன். மாரியம்மன் கோயில் முன்னால் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், கோலப்பொடியில் தரையில் ஊர் வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாணவிகள் வரையவில்லை, ஊர்க்காரர்கள்தான். கல்லை வைத்தால் வீடு, வேப்பிலை வைத்தால் கிணறு, புளியங்கொட்டை எத்தனையோ அத்தனை குழந்தைகள். ஒரு பாட்டி எழுந்து வந்து ஒரு கல்லை எடுத்துத் தள்ளி வைத்தது, "எங்க வீடு அங்க இல்ல, மேட்டுக்கு அந்தாண்ட" என்று. அந்த மேட்டுக்கு அந்தாண்ட இருந்த ஒன்பது வீட்டுக்கும் பட்டா கிடையாது என்பது அப்புறம்தான் பேச்சில் வெளியே வந்தது.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வருடா வருடம் எட்டாம் வகுப்பில் ரயத்துவாரி முறை, அதாவது விவசாயியிடமே நேராக நிலவரி வாங்கிய முறை நடத்துகிறேன். தாமஸ் மன்றோ, கேப்டன் ரீட், 1820 என்று எழுதிப் போட்டு இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்ய வைப்பேன். அது பிறந்த மண்ணே இதுதான் என்று ஒரு வகுப்பில்கூட நான் சொன்னதில்லை. 1792ல் திப்புவோடு போட்ட உடன்படிக்கையில் பாரமகால் கிழக்கிந்தியக் கும்பினி கைக்கு வந்தது. இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி சீமைதான் அது. அதைப் பார்த்துக்கொள்ள வந்தவர் அலெக்சாண்டர் ரீட், அவருக்கு உதவியாளராக ஏழு வருடம் இங்கேயே வயல்வயலாக நடந்தவர் மன்றோ. இங்கே அளந்து பார்த்து, விவசாயியிடம் நேராகத் தீர்வை போட்டுப் பழகியதைத்தான் அப்புறம் சென்னை மாகாணம் முழுக்கக் கொண்டுபோனார்கள். நிலத்தை அளந்தபோது யார் பெயர் ஏறியது, யார் பெயர் ஏறவில்லை என்ற கேள்வியை அந்தக் கோலப்பொடி மேட்டிலிருந்தே தொடங்கியிருக்கலாம், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். இப்போதெல்லாம் அந்தப் பாடத்துக்கு முதல் நாள் பிள்ளைகளிடம் வீட்டில் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுவரச் சொல்கிறேன். பாதிப் பேர் தாத்தா பெயர் என்பார்கள், சிலர் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அம்மா பெயரில் என்று சொல்வது எப்போதாவது ஒன்று. வகுப்பில் யார் வாயாலும் சொல்ல வைப்பதில்லை, சீட்டில் பெயரில்லாமல் எழுதி வாங்கிக்கொள்கிறேன். அதுவும் தங்கச்சி சொல்லிக் கொடுத்ததுதான்.

அதே முகாமில் இன்னொன்று. சிரிக்கும்போது பிள்ளைகள் கையால் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று அவள் அறிக்கையில் எழுதியிருந்தாள். பல்லில் பழுப்புக் கறை, ஃபுளோரைடு. குடிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பல்லையும் எலும்பையும் பிடிக்கும், நம் மாவட்டத்து போர்வெல் தண்ணீர் பல இடத்தில் அப்படித்தான், அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013ல் திறந்தார்கள். என் வகுப்பிலும் அப்படி வாயை மூடிச் சிரிக்கிறவர்கள் இருந்தார்கள். கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

இனி சொல்லப்போவது எனக்குச் சுலபமானதில்லை.

சில வருடம் முன்பு, பொங்கல் விடுமுறை முடிந்து ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் வரவில்லை. இரண்டு வாரம் ஆகிவிட்டது. கூடப் படிக்கிறவர்களைக் கேட்டால் "பாட்டி வீட்டுக்குப் போயிருக்கு சார்" என்றார்கள், நானும் சரி என்று விட்டுவிட்டேன். அந்த இரண்டு வாரமும் நான் நடத்திக்கொண்டிருந்தது மனித உரிமைகள் பாடம். குழந்தைகளின் உரிமைகளை வரிசையாக எழுதிப் போட்டு, பக்கத்தில் குழந்தைகள் உதவி எண் 1098 என்று பெரிதாக எழுதிக் கட்டம் கட்டினேன். மூன்றாவது பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வந்திருந்தபோது பேச்சுவாக்கில் சொன்னேன். "வீட்டுக்குப் போனியாண்ணா?" என்றாள். இல்லை என்றேன். "அப்பா அம்மா எங்க வேலை பாக்கறாங்க? வீட்டுல இப்ப யாரு இருக்கா? இவளுக்குக் கீழ எத்தனை பேரு?" எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்தது அரையாண்டில் 61 மார்க் வாங்கினாள் என்பதுதான்.

மறுநாள் இரண்டு பேரும் போனோம். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை, இங்கே பலருக்கும் அதுதான் பிழைப்பு. வீட்டில் பாட்டி, கண் சரியாகத் தெரியவில்லை. கீழே இரண்டு தம்பிகள். சோறு பொங்குவது, தம்பிகளை அனுப்புவது, ஆட்டுக்குத் தழை ஒடிப்பது எல்லாம் இவள். மாசியில் மாமன் மகனோடு கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். பதினாலு வயசு.

நான் எடுத்த எடுப்பிலேயே சட்டம் பேச ஆரம்பித்தேன். 2006ம் வருடத்துச் சட்டம், இரண்டு வருடம் ஜெயில், ஒரு லட்சம் அபராதம் என்று. பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. தங்கச்சி என் கையை அழுத்திவிட்டு, "உங்களுக்கு எத்தனை வயசுல கல்யாணம் ஆச்சு ஆயா?" என்று கேட்டு உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரம் பாட்டிதான் பேசியது. பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு மகனும் மருமகளும் பெங்களூரில் இருக்கிறார்கள், ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது, தனக்குக் கண்ணும் போய்விட்டது, ஒரு வீட்டில் பிடித்துக் கொடுத்துவிட்டால் நிம்மதி. அந்தக் கல்யாணத்துக்குப் பின்னால் இருந்தது அந்தப் பயம்தான். நான் கொண்டுபோன சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை.

அப்புறம் 1098க்குச் சொன்னோம், அதிகாரிகள் வந்தார்கள், பெற்றோரை வரவழைத்துப் பேசி எழுதி வாங்கினார்கள், கல்யாணம் நின்றது. அவளை விடுதியில் சேர்க்க, பாட்டிக்குக் கண் ஆபரேஷன் செய்ய, கடைசித் தம்பியை அம்மாவோடு அனுப்ப என்று தங்கச்சி நான்கு மாதம் அலைந்தாள். அந்தப் பெண் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை, ஊரில் அவள் குடும்பத்தைப் பேசாதவர்கள் இல்லை. அதைச் சொல்லி வருத்தப்பட்டபோது தங்கச்சி சொன்னது: "அவ கோவப்படட்டும், நீ மட்டும் போறத நிறுத்தாத."

இதனால்தான் எனக்கு ஓர் ஆசை, ஆசை என்பதைவிட வற்புறுத்தல். பி.எட்.டில் சமூக அறிவியல் எடுத்துப் படிக்கிற ஒவ்வொருவரும் ஒரு பருவமாவது பி.எஸ்.டபிள்யூ. பிள்ளைகளைப் போலக் களப்பணி செய்ய வேண்டும், வீடுகளுக்குப் போய், கேட்டு, திரும்பி வந்து தவறியதை எழுத வேண்டும். அதேபோல இங்கே சமூகப் பணி படிக்கிறவர்கள் வாச்சாத்தியைப் படிக்காமல் வெளியே வரக் கூடாது. 1992ல் அந்த மலைவாழ் மக்கள் ஊரில் அரசு ஆட்களே செய்த கொடுமைக்கு 2011ல்தான் தீர்ப்பு வந்தது, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று. அந்தப் பத்தொன்பது வருடம் தெரியாமல், அரூர் பக்கம் ஒரு ஊரில் போய் அதிகாரிகளை நம்புங்கள் என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

மாமா பெண்ணுக்கு வருகிறேன். அவள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி, அதனால் எதில் சேர்ந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். ஆசிரியர் வேலைதான் வேண்டும் என்றால் வரலாறு, தயங்க வேண்டாம். சமூகப் பணி என்றால் எம்.எஸ்.டபிள்யூ. வரை படிக்கத் துணிய வேண்டும், பெரும்பாலான நல்ல இடங்களில் அதைத்தான் கேட்கிறார்கள். குழந்தைகள் பாதுகாப்பு வேலைகள் பலவும் தொகுப்பூதியம்தான், ஓசூர் கம்பெனிகளில் எச்.ஆர். பக்கம் போனால் சம்பளம் கொஞ்சம் மேல். இதை மறைக்காமல் அவளிடமே சொல்ல வேண்டும், மாமாவிடம் சொல்லிப் பயனில்லை. வருகிற சனிக்கிழமை தங்கச்சி ஒரு ஊருக்குப் போகிறாள், இந்தப் பெண்ணையும் கூட அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கோலப்பொடி அவள் வீட்டிலிருந்தே எடுத்து வரட்டும்.