ஏரிக்கும் ஒரு மொய்

ஜூலை 9, 2019
பெரியகுளம் ஏரியைத் தூர்வார ஹிட்டாச்சி ஓடும் சத்தம் வீடுவரை கேட்கிறது. அப்பா திண்ணையை விட்டு எழவில்லை.

ஜூலை 14
ஞாயிற்றுக்கிழமை. பேராவூரணியில் பாதிப் பேர் பெரியகுளத்துக்குள்தான் நின்றார்கள். 564 ஏக்கர் என்று பேப்பரில் படித்தால் ஒன்றும் உறைக்காது. கருவேலத்தை ஒதுக்கியபின் கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரை டிப்பர் தீப்பெட்டி அளவுக்குத்தான் இருக்கிறது. வெட்டிய இடத்தில் இறங்கிப் பார்த்தேன். மேலே வேர் பின்னிய சாம்பல் வண்டல், அதற்குள் நத்தை ஓடு, சாக்குக் கிழிசல், ஒற்றைச் செருப்பு. அதற்கும் கீழே மஞ்சள் களி. "இதுதாங்க்கா பழைய தரை" என்றான், தூர்வாரும் கைஃபா விவசாயிகள் சங்கத்துத் தம்பி ஒருவன்.

டீசல் செலவு கேட்டேன். அந்தக் காசுக்கு எங்கள் கூரைக்கு ஷீட்டே போட்டுவிடலாம்.

ஜூலை 15
கூரை, கூரை, கூரை. சிங்கப்பூரிலிருந்து என் வீட்டுக்காரர் போனில் வேறு எதுவும் கேட்பதில்லை. தார்ப்பாய் தாங்குகிறது என்றேன்.

ஜூலை 23
ஆடி பிறந்ததும் மொய் விருந்தும் ஆரம்பம். பந்தலில் கூட்டம் கம்மி. போன வருஷம் கஜா புயலில் தென்னையைப் பறிகொடுத்தவர்கள் எதை எடுத்து மொய் எழுதுவார்கள்? மாமா மட்டும் நோட்டு எழுதுகிறவரிடம் சத்தமாக, "ஏரிக்கு எழுதணும்னா எந்த நோட்டுப்பா?" என்றார். ஒரே சிரிப்பு. வாங்கிய மொய்யைக் கூட்டிச் செய்வதுதானே நம் பக்கத்து வழக்கம். "ஏரி எப்ப மாமா திருப்பிச் செய்யும்?" என்று அத்தாச்சி கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3
ஆடிப்பெருக்கு. வாய்க்காலில் புழுதி. அடிபம்பில் பிடித்த குடத்துத் தண்ணீரைக் கும்பிட்டோம்.

ஆகஸ்ட் 13
மேட்டூர் திறந்தாச்சு. ஜூன் 12 வழக்கம், இந்த வருஷம் ஆகஸ்ட் 13. அப்பாவிடம் சொன்னேன். "போன வருஷமும்தான் அணை ரொம்புச்சு" என்றார். தப்பில்லை. அணை நிரம்பி, கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது, கடைமடை காய்ந்தது. நவம்பர் 16 விடியற்காலையில் காற்று வந்து மிச்சத்தையும் முடித்தது.

தூக்கம் வரவில்லை. மேட்டூர் கட்டிய 1934இலேயே கல்லணைக் கால்வாயும் வந்துவிட்டது. ஆனால் அதில் நாம்தானே கடைசி. மேலே எல்லோரும் பாய்ச்சிக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் இங்கே வரும். அது வரும் நேரத்தில் வாய்க்கால் முகப்பைக் காட்டாமணக்கு அடைத்துக்கொண்டு நின்றால்? எத்தனை அடி வெட்டினாலும் ஏரி வெறும் பள்ளம்தான். எல்லோரும் ஹிட்டாச்சியை வேடிக்கை பார்க்கிறார்கள், வாய்க்காலை யார் பார்ப்பது?

ஆகஸ்ட் 14
கைஃபா தம்பிகளிடம் கேட்டுவிட்டேன். "அடுத்து அதாங்க்கா. ஆள்தான் பத்தலை."

ஆகஸ்ட் 17
கல்லணையும் திறந்தாச்சு. நானும் அத்தாச்சியும் அரிவாளோடு வாய்க்காலில் இறங்கினோம். காட்டாமணக்கை வெட்டிப் போட்டால் போதாது, துண்டு விழுந்த ஈரத்திலேயே மறுபடி துளிர்க்கும். தூரோடு பிடுங்கிக் கரைமேல் காயவைக்க வேண்டும். பால் பட்ட கை அரிக்கிறது. மத்தியானம் அப்பா வந்தார். நாங்கள் வெட்டிய லட்சணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மண்வெட்டி கேட்டார்.

ஆகஸ்ட் 19
கூரைப் பணத்தை டீசலுக்குக் கொடுத்துவிட்டேன். அவரிடம் இப்போது சொல்வதாக இல்லை.

ஆகஸ்ட் 21
சொல்லவே வேண்டாம். நன்கொடைப் பட்டியலை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். சிங்கப்பூர் வரைக்கும் போய்விட்டது.

ஆகஸ்ட் 22
போன் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 24
அவரே கூப்பிட்டார். கூரைப் பேச்சையே எடுக்கவில்லை. "தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?" ஒரத்தநாட்டைத் தாண்டிவிட்டது என்கிறார்கள், பார்த்தவர் யாருமில்லை. அப்பா பனங்கொட்டை பொறுக்கப் போயிருக்கிறார், புதுக்கரையில் ஊன்ற. கஜாவில் தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்தபோது நின்றது பனைதான். நாளைக்கு மதகு ஷட்டருக்குக் கிரீஸ் போட ஆள் வருகிறது. அதற்குமுன் அடியில் இறுகிக் கிடக்கும் மண்ணைத் தோண்டியாக வேண்டும், ஐந்து மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள்.