எந்த ஏர்லைன்ஸ்?

தமிழ் ஆட்கள் கூடும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். "அண்ணன் ஏர்போர்ட்ல இருக்காராமே, எந்த ஏர்லைன்ஸ்?" எந்த ஏர்லைன்ஸும் இல்லை. என் வீட்டுக்காரர் சின்ன விமானங்களைப் பழுது பார்க்கிறவர், எங்கள் ஏர்போர்ட்டுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு யாரும் வர முடியாது. ஒரு ரன்வே, விமானம் நிறுத்த ஒரு வரிசை ஹேங்கர், ஒரு பெட்ரோல் டேங்க், மூன்று பக்கமும் கோதுமை வயல். கண்ட்ரோல் டவர் கிடையாது. அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டில் ஏறத்தாழ 5,000 விமான நிலையங்கள் இருக்கின்றன, டவர் உள்ளவை அதில் 500 சொச்சம்தான், மற்றதெல்லாம் எங்களுடையதைப் போலத்தான் என்று சொன்னால் நம்பாமல் சிரிப்பார்கள். அடுத்த கேள்வி, "அப்போ பணக்காரங்க பொம்மை பிளேனா?" அதற்கும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். எங்களிடம் விமானம் விடுபவர்களில் பாதிப் பேர் விவசாயிகள். ஒருவர் மாட்டு டாக்டர். நாலு பேர் பங்கு போட்டு ஒரு 1967 மாடல் செஸ்னா விமானத்தை வைத்திருக்கிறார்கள், அது என்னைவிட வயதில் மூத்தது.

நாங்கள் அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்துக்கு வந்தது 2009 ஏப்ரலில். நாத்தனார் மனு போட்டுப் பதினோரு வருஷம் காத்திருந்து கிடைத்த கிரீன் கார்டு. என் வீட்டுக்காரர் இந்தியாவில் ஒரு பிளையிங் கிளப்பில் பதினான்கு வருஷம் விமானம் பழுது பார்த்தவர், அவர் கைபட்டதில் பாதிக்கு மேல் செஸ்னாதான். செஸ்னாவின் சொந்த ஊரான விச்சிட்டாவுக்கே போகிறோம், இறங்கின மறுநாளே கூப்பிட்டு வேலை கொடுத்துவிடுவார்கள் என்ற நினைப்பு எங்களுக்கு. உலகத்தின் விமானத் தலைநகர் என்று தன்னையே சொல்லிக்கொள்ளும் ஊர் அது. செஸ்னா, பீச்கிராஃப்ட், லியர்ஜெட் என்று விமானக் கம்பெனிகள் எல்லாம் அப்போது அங்கேதான். ஆனால் நாங்கள் வந்த வருஷம் பொருளாதாரம் விழுந்து, அந்த ஊர்த் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. இருபது வருஷ அனுபவம் உள்ளவர்களே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது, நேற்று வந்தவருக்கு யார் கதவைத் திறப்பார்கள்? இவர் ஒரு கார் ஷெட்டில் ஆயில் மாற்றும் வேலைக்குப் போனார். எட்டு மாதம் அந்த வேலை. விமான ஆயிலும் கார் ஆயிலும் ஒரே நாற்றம் இல்லை என்று மட்டும் ஒருநாள் சொன்னார், அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

விமானப் பராமரிப்பு இன்ஜினியருக்கான இந்திய ஏ.எம்.இ. லைசன்ஸ் இங்கே செல்லாது. அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.வின் 'ஏ அண்டு பி' சான்றிதழ் வேண்டும், அதாவது விமான உடலுக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்து வேண்டுமென்றால் முப்பது மாத வேலை அனுபவத்தைக் காகிதத்தில் காட்ட வேண்டும், இங்கிலீஷ் பேச, படிக்க, எழுதத் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டு அனுபவத்தை ஒத்துக்கொள்வார்கள், அது நல்ல விஷயம். ஆனால் கிளப்பில் கொடுத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு போனால், அதைப் படித்த இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்து, "இதில் உங்கள் நடத்தை திருப்திகரம் என்று இருக்கிறது. நல்லது. நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்டாராம். நம் ஊர் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணிபுரிந்தார், நடத்தை நன்று, வளமான எதிர்காலம் அமைய வாழ்த்துகிறோம், முடிந்தது. எந்த இன்ஜினைப் பிரித்தார், எத்தனை மாதம் உடல் வேலை, எத்தனை மாதம் இன்ஜின் வேலை, ஒரு வார்த்தை இல்லை. அதையெல்லாம் விவரமாக எழுதி வாங்க ஐந்து மாதம் ஆனது. அதற்குள் கிளப்பில் செயலாளர் மாறிவிட்டார், புதியவருக்கு இவரைத் தெரியாது, பழைய பதிவேடு எந்த அலமாரியில் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாராவது வெளிநாட்டுக்குக் கிளம்புவதாக இருந்தால், பெட்டி கட்டுவதற்கு முன் அந்தக் கடிதத்தைச் சரியாக எழுதி வாங்கிவிடுங்கள். மற்றதெல்லாம் இங்கே கடையில் கிடைக்கும்.

அந்தச் சான்றிதழுக்கான மூன்று எழுத்துத் தேர்வுகளையும் இவர் மளமளவென்று முடித்தார். வாய்மொழித் தேர்வுதான் வியர்க்க வைத்தது. கேள்வி கடினம் என்றில்லை, கேன்சஸ்காரரின் இங்கிலீஷ் காதில் விழுந்து அர்த்தமாக மாறுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டதாம். செய்முறைக்கு வந்தபோது சரியாகிவிட்டது. போல்ட் கழலாமல் இருக்கக் கட்டும் சேஃப்டி வயரை முறுக்கச் சொன்னார்கள், அதற்கு இங்கிலீஷ் எதற்கு?

2010 கடைசியில் சான்றிதழ் கையில் வந்தது. விச்சிட்டாவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு கிழவர் தனியாக நடத்திக்கொண்டிருந்த பழுது பார்க்கும் கடையில் சேர்ந்தார். முதல் நாள் போய்விட்டு வந்து, "ஸ்பேனர் இல்லைன்னு சொல்லிட்டார்" என்றார். இந்த ஊரில் மெக்கானிக் தன் சாமான்களைத் தானேதான் வாங்க வேண்டும். கிளப்பில் டூல் ரூமில் டோக்கனைக் கொடுத்து ஸ்பேனர் வாங்கிப் பழகினவருக்கு அது பெரிய அதிர்ச்சி. முதல் இரண்டு வருஷச் சேமிப்பு ஒரு சிவப்பு டூல் பெட்டிக்குள் போயிற்று. அந்தப் பெட்டிக்கு வீட்டில் எங்களைவிட மரியாதை அதிகம்.

கிழவர் ஓய்வு பெற நினைத்தார். கடையை இவரிடம் கொடுக்கவும் தயார். ஆனால் ஒவ்வொரு சின்ன விமானத்துக்கும் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆனுவல் என்று ஒரு முழுச் சோதனை உண்டு, அதில் கையெழுத்துப் போட 'ஏ அண்டு பி' போதாது, ஐ.ஏ. என்று இன்னொரு தகுதி வேண்டும், அதற்குச் சான்றிதழ் வாங்கி மூன்று வருஷம் ஆகியிருக்க வேண்டும். இந்தக் கடையின் பிழைப்பே ஆனுவல்தான். அதனால் கிழவர் காத்திருந்தார். எழுபத்து மூன்று வயது, முழங்கால் வலி, மூன்று வருஷம் காத்திருந்தார். 2014-இல் இவருக்கு ஐ.ஏ. கிடைத்ததும் கடை கைமாறியது. ஐந்து வருஷம் மாதத் தவணை, ஒரு பக்கக் காகிதம், ஒரு கைகுலுக்கல். நம் சொந்தக்காரர்களிடம்கூட அப்படி ஒரு வியாபாரம் நான் பார்த்ததில்லை.

கடையோடு சேர்ந்து பெட்ரோல் டேங்கும் முன் அறையும் எங்கள் பொறுப்புக்கு வந்தன. முன் அறை என்னுடையது. பில், போன், பாகம் ஆர்டர், அப்புறம் ரேடியோ. டவர் இல்லாத இடத்தில் பைலட்டுகள் தங்களுக்குள்ளேயே, நான் இங்கே இருக்கிறேன், இந்தப் பக்கமாக இறங்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்வார்கள். இடையில் யாராவது கடையைக் கூப்பிட்டுக் காற்று எப்படி, பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டும். முதல் வாரம் அந்த மைக்கைப் பார்த்தாலே தொண்டை வறண்டுவிடும். "தெற்கிலிருந்து காற்று, இருபது நாட் வேகம், சில சமயம் இருபத்தெட்டு" என்று சொல்வதற்குள் அவர் இறங்கியே விட்டார். ஒன்பதை 'நைனர்' என்று சொல்லப் பழகினேன், பைவும் நைனும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால். இப்போது மார்க்கெட்டில் போன் நம்பர் சொல்லும்போதும் நைனர் என்றே வாயில் வருகிறது.

பெட்ரோலைப் பற்றிக் கிழவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இரண்டே பாடம். ஒன்று, இந்த இன்ஜின்களுக்கான பெட்ரோல் நீல நிறம், நீலம் இல்லையென்றால் கையை எடுத்துவிடு. கோடையில் மருந்து தெளிக்க வரும் டர்பைன் விமானங்களுக்கு வேறு எரிபொருள், அது லேசான வைக்கோல் நிறம், அதைத் தப்பித் தவறிச் சின்ன இன்ஜினில் ஊற்றினால் கிளம்பும், மேலே போனதும் நின்றுவிடும். இரண்டு, மழை பெய்த மறுநாள் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பிடித்துக் கண்ணாடியில் பார், தண்ணீர் அடியில் முத்து முத்தாக உட்கார்ந்திருக்கும்.

பழகப் பல வருஷம் ஆன விஷயம் வேறு. வாசலில் ஒரு பழைய போலீஸ் கார் நிற்கும், சாவி உள்ளேயே இருக்கும். எங்கிருந்தோ பறந்து வந்த பைலட் அதை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டு, பெட்ரோல் போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். யார், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. ஆரம்பத்தில் நான் ஒரு நோட்டு வைத்துப் பெயர், நேரம் எல்லாம் எழுதச் சொன்னேன். எல்லோரும் மரியாதையாக எழுதினார்கள். ஒருத்தர் மட்டும் காரணம் என்ற கட்டத்தில் 'பசி' என்று எழுதிவிட்டுப் போனார். அதோடு நோட்டை எடுத்துவிட்டேன்.

ராத்திரியில் ரன்வே விளக்குகள் தானாக எரிந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஏர்போர்ட்டை ஒட்டிய வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரம், நடு இரவில் ஜன்னல் முழுக்க வெளிச்சம். ஆள் நடமாட்டமே இல்லை. இவரை உலுக்கி எழுப்பினேன். மேலே வருகிற பைலட் மைக்கின் பொத்தானை ஐந்து நொடிக்குள் மூன்று, ஐந்து, ஏழு முறை என்று அழுத்தினால் விளக்கு அந்த அளவுக்கு எரியும், கால் மணி நேரத்தில் தானாக அணையும் என்று தூக்கத்திலேயே விளக்கம் சொன்னார். முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

இவர் வேலை செய்வதைப் பார்த்தால் உங்களுக்கு அலுப்பாக இருக்கும். ஆயில் ஃபில்டரை வட்டமாக அறுத்து, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை வெயிலில் விரித்துவைத்து, உலோகத் துகள் மின்னுகிறதா என்று அரிசியில் கல் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் 80 அழுத்தத்தில் காற்றை விட்டு எவ்வளவு நிற்கிறது, மிச்சம் எந்தப் பக்கம் கசிகிறது என்று காதை வைத்துக் கேட்பார். கடைசியில் லாக் புத்தகத்தில் நாலு வரி எழுதி, சான்றிதழ் எண்ணோடு கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் போடுவதற்கு முன் பேனாவை மூடி, எழுந்து போய், விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். எல்லாம் முடிந்த பிறகுதான், ஆனாலும் சுற்றுவார்.

கடை எங்களுடையதாகி ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். ஊரில் பெரிய மனிதர் ஒருவரின் செஸ்னா ஆனுவலுக்கு வந்தது. பைலட் சீட் முன்னும் பின்னும் நகர்வது ஒரு தண்டவாளத்தில், அதில் வரிசையாக ஓட்டைகள், ஓட்டையில் ஒரு ஊசி இறங்கித்தான் சீட்டைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டை தேய்ந்துபோனால், விமானம் மேலே ஏறும்போது அதன் மூக்கு தூக்கியதும் சீட் சரேலென்று பின்னால் ஓடும், கையில் பிடித்திருக்கும் யோக் என்ற ஸ்டியரிங்கையும் மனிதன் சேர்த்து இழுத்துவிடுவான், மூக்கு இன்னும் தூக்கும், அப்புறம் விமானம் பறக்காது. இதனால் உயிர்கள் போயிருக்கின்றன, அதனால் 1987-லேயே எஃப்.ஏ.ஏ. கட்டாய உத்தரவு போட்டு, 2011-இல் திரும்பவும் போட்டது. இவருடைய அளவுகோலில் மூன்று ஓட்டைகள் வரம்பைத் தாண்டியிருந்தன, ஒரு இடத்தில் விரிசல். தண்டவாளத்தை மாற்ற வேண்டும் என்றார். அந்தப் பெரிய மனிதர், "இருபது வருஷமாக இதில்தான் உட்காருகிறேன், கிழவர் ஒன்றும் சொன்னதில்லை" என்றார். இவர் அளவைத் திரும்பக் காட்டினார். அவர் என் பக்கம் திரும்பி, உங்கள் கணவருக்கு இந்த ஊரில் எப்படித் தொழில் செய்வது என்று யாராவது சொல்லிக் கொடுத்தால் நல்லது என்றார். குரலை உயர்த்தவேயில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று ராத்திரி நான் இவரிடம் சண்டை போட்டேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். தவணை பாக்கி இருக்கிறது, அந்த மனிதர் நாலு பேரிடம் சொன்னால் போதும், கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த முறை மாற்றச் சொல்லுங்கள் என்றேன். இவர் குறைகளின் பட்டியலை எழுதி, தேதி போட்டு, கவரில் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். அதுதான் சட்டம். விமானம் பறக்கத் தகுதியில்லை என்றால் உரிமையாளரிடம் பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும். "அந்தச் சீட்ல அவர் பேரன் உக்காருவான்" என்றார். அவ்வளவுதான் பதில்.

அவர் சிறப்பு அனுமதி வாங்கி விமானத்தை வேறு கடைக்குக் கொண்டுபோய்விட்டார். இன்றுவரை எங்களிடம் வரவில்லை. அந்த வருஷம் மேலும் இரண்டு பேர் போனார்கள், குளிர்காலம் கஷ்டமாகத்தான் கழிந்தது. கிழவரிடம் கேட்டேன், நீங்கள் ஏன் அந்தத் தண்டவாளத்தைப் பிடிக்கவில்லை என்று. ரொம்ப நேரம் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "என் கண் முன்பு போல இல்லை" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

இந்தக் களேபரத்துக்கு நடுவில் மகள் பறக்கக் கற்றுக்கொண்டாள். நாங்கள் 2014-இல் குடியுரிமை வாங்கியதோடு அவளுக்கும் வந்துவிட்டது, இல்லையென்றால் வெளிநாட்டு மாணவி என்று பயிற்சிக்கு முன் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் சோதனை வேறு இருந்திருக்கும். பதினாறு வயதில் தனியாகப் பறக்கலாம், கார் ஓட்டுவது போலத்தான் இங்கே. முதல் முறை தனியாக மூன்று சுற்று சுற்றி இறங்கிய அன்று, பயிற்சியாளர் கத்தரிக்கோலை எடுத்து அவள் சட்டையின் முதுகுப் பக்கத்தை வெட்டித் தேதி எழுதி ஹேங்கர் சுவரில் மாட்டினார். அந்தக் காலத்து விமானத்தில் பின்னால் உட்கார்ந்த ஆசிரியர் மாணவனின் சட்டையை இழுத்துத்தான் செய்தி சொல்வாராம், இனி இழுக்க வேண்டியதில்லை என்று அர்த்தமாம். எனக்கு அந்த நேரத்தில் அது புதுச் சட்டை என்பது மட்டும்தான் தெரிந்தது.

2016-இல், பதினேழு வயதில் லைசன்ஸ். முதல் பயணி அப்பாதான் என்று நினைத்தேன், இவரோ, "நீ போ, நான் கீழ இருந்து இன்ஜின் சத்தம் கேக்கணும்" என்று சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் விமானத்துக்குப் பக்கத்தில் இருந்தும் அந்தச் சின்னக் கதவு வழியாக நான் ஏறியதில்லை. ஏறி உட்கார்ந்து, பெல்ட் போட்டு, இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்து முன்னும் பின்னும் பலமாக ஆட்டிப் பார்த்தேன். ஊசி இறங்கி இருந்தது.

"அம்மா, அது அப்பா பார்த்த சீட்தான்" என்றாள்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, அவள் சீட்டையும் எட்டி ஒருமுறை ஆட்டினேன்.