ஆப்பிள், துரத்து

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பலகை தொங்குகிறது. அதில் இருபத்துநாலு படங்கள்: தோசை, தண்ணீர், ஊஞ்சல், தாத்தா, பாத்ரூம், வேண்டாம் என்று இப்படி. மகனுக்கு ஆறு வயது, இன்னும் பேச்சு வரவில்லை. படத்தைத் தொட்டால்தான் பொருளைக் கொடுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். பிஸ்கட்டைக் கையில் பிடித்தபடி நிற்பேன், அவன் அழுவான். ஆறு மாதத்தில் நாலு படம் வந்தது.

அந்தச் சமயத்தில் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து படித்ததில்தான் கான்ஸி அறிமுகம். கான்ஸி ஒரு போனபோ, சிம்பன்சிக்கு நெருங்கிய சொந்தம்; 1980இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவன். அவனை வளர்த்த தாய் மட்டாட்டாவுக்குத்தான் அட்லாண்டா ஆய்வுக்கூடம் ஒன்றில் சூ சாவேஜ்-ரம்பா என்ற ஆய்வாளர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பலகை நிறைய லெக்ஸிகிராம்கள், அதாவது அர்த்தத்தோடு உருவத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லாத கோடும் வட்டமுமான குறிகள். வாழைப்பழத்துக்கான குறி வாழைப்பழம் மாதிரி இருக்காது. மட்டாட்டாவுக்கு அது சரியாகப் பிடிபடவே இல்லை. குட்டிக் கான்ஸியோ அவள் தலைமேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு யாரும் எதையும் கற்றுத்தரவில்லை.

கான்ஸிக்கு இரண்டரை வயதானபோது மட்டாட்டாவை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அன்று காலை கான்ஸி பலகைக்கு வந்து ஆப்பிள் குறியைத் தொட்டான், பிறகு 'துரத்து' என்ற குறியை. ஒரு ஆப்பிளை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்த்து இளித்துவிட்டு ஓடினான். அந்த ஒரு நாளில் மட்டும் நூறு தடவைக்கு மேல் பலகையைப் பயன்படுத்தியிருக்கிறான்.

இதை என் மாமியாரிடம் சொன்னேன். "ஏம்மா, எம் பேரனைக் கொண்டுபோயி குரங்கோட சேக்கறியே!" "குரங்கு இல்லீங்க அத்தை, இதுக்கு வால் கிடையாது" என்றேன். அது எடுபடவில்லை. உண்மையில் எனக்கும் முதலில் உறுத்தத்தான் செய்தது. ஆனால் 1980களில் அதே அட்லாண்டா ஆய்வுக்கூடத்தில் மேரி ஆன் ராம்ஸ்கியும் ரோஸ் செவ்சிக்கும் பேச்சு வராத பிள்ளைகளிடம் இதே லெக்ஸிகிராம்களைக் கொடுத்துப் பார்த்தவர்கள். பிள்ளை மட்டும் தொட்டால் போதாது, கூட இருப்பவர்களும் பேசும்போதே குறியைத் தொட்டுக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் முறை. நான் பிஸ்கட்டைக் கீழே வைத்தது அன்றைக்குத்தான்.

கான்ஸியை மனிதனாக்கிவிடவும் வேண்டாம். 660 வாக்கியங்களைச் சொல்லி, 'மைக்ரோவேவில் இருக்கும் கேரட்டை எடுத்து வா' என்கிற தினுசில், அவனையும் இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியையும் சோதித்தார்கள். அவன் 72 சதவீதம், அவள் 66. ஆனால் 'தண்ணீரையும் நாய்ப் பொம்மையையும் கொடு' என்றால் பெரும்பாலும் ஒன்றைத்தான் கொடுப்பான். அந்த 'உம்'மில் அவனுக்கு எப்போதும் தகராறு. அவன் தொட்டுக் காட்டியதில் மிகப் பெரும்பகுதி வேண்டுகோள்தான்: இது வேண்டும், அங்கே போகலாம், கிச்சுகிச்சு மூட்டு. சைகை மொழி பழக்கப்பட்ட நிம் என்ற சிம்பன்சி கதை இன்னும் மோசம். பதினாறு சைகை சேர்த்து அவன் அமைத்த ஆக நீளமான 'வாக்கியம்' முழுக்க ஆரஞ்சு கொடு, எனக்குக் கொடு, ஆரஞ்சு தின்ன என்பதுதான்.

போனபோவும் நாமும் பிரிந்து அறுபது எழுபது லட்சம் வருஷம் ஆகிறது என்கிறார்கள். பேச்சைப் புரிந்துகொள்கிற திறனில் கொஞ்சம் அதற்கும் முந்தியது என்று கான்ஸியைப் பார்த்தால் தோன்றுகிறது. அதற்கு வாய் தேவைப்படவில்லை, சுற்றிலும் பேச்சு இருந்தால் போதும். எதுவும் வேண்டாமல், சும்மா ஒரு சேதியை இன்னொருவருக்குச் சொல்கிற ஆசை இருக்கிறதே, அதுதான் பிறகு நம் பக்கம் வளர்ந்தது என்பது என் கணக்கு. அந்த ஆப்பிள் ஓட்டத்தில் அதன் முளை இருந்ததோ என்னவோ.

கான்ஸி 2025 மார்ச்சில் அயோவாவில் இறந்துபோனான். 44 வயது.

பலகையில் நானும் தொட்டுத் தொட்டுப் பேச ஆரம்பித்து எட்டு மாதம் இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை காலை மகன் என் கையைப் பிடித்து ஃப்ரிட்ஜுக்கு இழுத்துப்போய் 'பாத்ரூம்' தொட்டான். அழைத்துப் போனேன், கதவு சாத்தியிருந்தது. அவசரம் போலிருக்கிறதே என்று பின்பக்கம் கூட்டிப்போகப் பார்த்தால் வரமாட்டேன் என்கிறான். திரும்பவும் பலகைக்கே இழுத்தான். 'தாத்தா' தொட்டான். 'பாத்ரூம்' தொட்டான். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

கதவுக்குப் பின்னாலிருந்து மாமா இருமினார். "யாரது வெளியில?"