மூன்று மொழிகளில் எழுதினேன், ஒன்றுதான் தேடலில் கிடைத்தது

தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மூன்று மொழிகளில் நான் நடத்திவரும் தளத்தின் தமிழ்ப் பக்கங்கள் கூகுள் தேடலில் இல்லவே இல்லை என்பது எனக்குத் தற்செயலாகத்தான் தெரியவந்தது. பழைய கட்டுரை ஒன்றை எடுப்பதற்காக, அதில் நானே எழுதிய ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினேன், ஒன்றும் வரவில்லை. அதே கட்டுரையின் ஆங்கில வரியைக் கொடுத்ததும் முதல் முடிவாகவே வந்து நின்றது. பிரெஞ்சுப் பக்கங்களின் கதியும் தமிழைப் போலவே இருந்தது.

காரணம், நான் பெருமையாக நினைத்திருந்த ஒரு வசதி. ஒரு கட்டுரைக்கு ஒரே முகவரிதான் வைத்திருந்தேன். வாசகரின் உலாவி எந்த மொழியைக் கேட்கிறதோ அந்த மொழியில் பக்கம் திறக்கும், எதையும் கேட்காவிட்டால் ஆங்கிலத்தில் திறக்கும். பக்கங்களைப் படித்துச் செல்ல வரும் கூகுள்பாட் எந்த மொழி வேண்டும் என்று கேட்பதே இல்லை. அதன் ஐபி முகவரிகளும் பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. ஆகவே அது எத்தனை முறை வந்தாலும் ஆங்கிலத்தை மட்டுமே படித்துவிட்டுப் போனது. மொழித் தேர்வை, உலாவி சேமித்துவைக்கும் சிறு கோப்பான குக்கியில் மட்டும் வைத்துக்கொள்ளும் தளங்களுக்கும், ஐபியைப் பார்த்து நாட்டை ஊகித்து வாசகரை வேறு பக்கத்துக்குத் தள்ளிவிடும் தளங்களுக்கும் இதே நோய்தான்.

எனவே முதல் வேலையாக ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி கொடுத்தேன். நாட்டுக்கொரு டொமைன், மொழிக்கொரு துணை டொமைன், ஒரே டொமைனுக்குள் மொழிக்கொரு கோப்புறை என்று மூன்று வழிகள் உள்ளன; தனி ஆளாகத் தளம் நடத்துபவருக்குக் கோப்புறையே போதும் என்பது என் கருத்து. தானாக மாற்றிவிடும் ஏற்பாட்டை நீக்கிவிட்டு, ஒவ்வொரு பக்கத்தின் மேலும் மற்ற இரு மொழிகளுக்குச் சாதாரண இணைப்புகளை வைத்தேன்.

அடுத்தது ஹெச்ரெஃப்லாங். ஒரு பக்கத்தின் பிற மொழி வடிவங்கள் எங்கே இருக்கின்றன என்று தேடுபொறிக்குச் சொல்லும் இந்தக் குறிப்பைக் கூகுள் 2011 இல் விரிவாக அறிமுகப்படுத்தியது. எந்த மொழிக்கும் பொருந்தாத வாசகருக்கான எக்ஸ்-டிஃபால்ட் 2013 இல் வந்தது. இதில் விதி ஒன்று கறாரானது: தமிழ்ப் பக்கம் பிரெஞ்சுப் பக்கத்தைச் சுட்டினால் பிரெஞ்சுப் பக்கமும் தமிழைத் திரும்பச் சுட்ட வேண்டும், இல்லையேல் அந்தக் குறிப்பு கணக்கில் கொள்ளப்படாமல் போகலாம். ஒவ்வொரு பக்கமும் தன்னையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதால், மூன்று மொழிக் கட்டுரை ஒன்றுக்கு மொத்தம் ஒன்பது வரிகள் தேவைப்படுகின்றன. எக்ஸ்-டிஃபால்ட்டையும் சேர்த்தால் பன்னிரண்டு. ஒருமுறை பிரெஞ்சுக் கட்டுரையின் முகவரியை மாற்றிவிட்டு மற்ற இரு பக்கங்களையும் மறந்துபோனேன். அந்தப் பிணைப்பு அறுந்தது. அதன் பிறகு இந்த வரிகளைப் பக்கத்துக்குப் பக்கம் கையால் எழுதுவதை விட்டுவிட்டு, தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிக்குப் பட்டியலிட்டுத் தரும் சைட்மேப் கோப்பிலேயே நிரல் ஒன்று எழுதித்தரும்படி செய்துவிட்டேன்.

மொழிக் குறியீடுகளிலும் கவனம் வேண்டும். மொழிக்கு ஐஎஸ்ஓ 639-1, நாட்டுக்கு ஐஎஸ்ஓ 3166-1 என்ற சர்வதேசத் தரங்களில் உள்ள குறியீடுகளையே எழுத வேண்டும். பிரிட்டனுக்கு உரியது ஜிபி. யுகே என்று எழுதினால் பலன் இல்லை. நாட்டை மட்டும் தனியாகக் குறிப்பிடவும் முடியாது. பெல்ஜியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பிஇ என்று எழுதினால் அது பெலாருஸ் மொழியைக் குறிக்கும். தமிழுக்கு டிஏ போதும்; இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வெவ்வேறு பக்கங்கள் உண்மையிலேயே இருந்தால் மட்டும் நாட்டுக் குறியீட்டைச் சேர்க்கலாம்.

இவ்வளவு செய்தும் சில தமிழ்ப் பக்கங்கள் வரவில்லை. தேடிப் பார்த்தால், பழைய வார்ப்புருவில் இருந்த, அசல் பக்கம் எது என்று தேடுபொறிக்குச் சொல்லும் கெனானிக்கல் வரி மூன்று மொழிப் பக்கங்களிலும் ஆங்கில முகவரியையே காட்டிக்கொண்டிருந்தது. ‘நான் நகல், அசல் அங்கே இருக்கிறது’ என்று தமிழ்ப் பக்கமே சொல்லும்போது தேடுபொறியைக் குறைசொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு மொழிப் பக்கத்தின் கெனானிக்கலும் தன் முகவரியையே காட்ட வேண்டும்.

தமிழிலேயே முகவரி வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாக வைக்கலாம், ஆனால் அதை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பெரும்பாலும் விழுக்காட்டுக் குறிகளாக (%) சிதறும். ‘தமிழ்’ என்ற ஐந்து யூனிகோடு குறிகள் 45 எழுத்துகளாக நீளும். இன்னும் நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. ‘கொடி’ என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் எனப் பிரித்து இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சர்வர் எனப்படும் வழங்கிக்கோ அவை இருவேறு முகவரிகள். என் தளத்தில் ஒரு படம் மட்டும் திறக்காமல் அடம்பிடித்தபோது, கோப்பின் பெயர் பிரித்த வடிவிலும் இணைப்பு சேர்த்த வடிவிலும் இருந்ததைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுவதும் போயிற்று. முகவரிகளையும் கோப்புப் பெயர்களையும் என்எஃப்சி எனப்படும் சேர்த்த வடிவத்துக்கு மாற்றிய பிறகே சேமிக்க வேண்டும்.

பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்பதைக் கூகுள், அந்தப் பக்கத்தின் நிரலில் மொழியைக் குறிக்கும் லாங் குறிப்பைக் கொண்டு முடிவு செய்வதில்லை, கண்ணுக்குத் தெரியும் உரையைக் கொண்டுதான் முடிவு செய்கிறது. உரை தமிழாகவும் பட்டி, பக்கப்பட்டை, அடிக்குறிப்பு எல்லாம் ஆங்கிலமாகவும் இருக்கும் பக்கம் தன் மொழியைத் தானே குழப்பிக்கொள்கிறது. ஹெச்ரெஃப்லாங்கும் தரவரிசையில் யாரையும் மேலே ஏற்றிவிடாது. ஏற்கெனவே தகுதி பெற்ற பக்கத்துக்குப் பதிலாகச் சரியான மொழி வடிவத்தைக் காட்ட மட்டுமே உதவும்.

மேலே வருவதற்கு மக்கள் தேடும் சொல் பக்கத்தில் இருக்க வேண்டும், நான் அதிகம் சறுக்கியதும் அங்கேதான். ஆங்கிலத் தலைப்புகளை அப்படியே மொழிபெயர்த்து ‘கணினி’ என்று எழுதிவந்தேன். தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் தேடல் சொற்களைத் தமிழ்க் கோப்புறைக்கு மட்டும் வடிகட்டிப் பார்த்தபோது ‘கம்ப்யூட்டர்’ என்று தேடி வந்தவர்களே கண்ணில் பட்டார்கள். கட்டுரைக்குள் கணினியை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. தலைப்பில் மட்டும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறேன்.