முறுக்குக்கும் பர்மிஷன்

தீபாவளி ஆர்டருக்கு வீட்லயே முறுக்கு சுட்டு விக்கலாம்னு கேட்ல ஒரு சின்ன போர்டு மாட்டினேன், மறுநாளே பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து "ஸோனிங் பாத்தியாம்மா"ன்னு கேக்குறாங்க, அதாவது இந்த இடத்துல வியாபாரம் பண்ண அனுமதி இருக்கான்னு. இங்க தென்னாப்பிரிக்காவுல 2013 ஸ்ப்லூமாங்கற நிலத் திட்டமிடல் சட்டப்படி ஒவ்வொரு முனிசிபாலிட்டிக்கும் ஒரு லேண்ட் யூஸ் ஸ்கீம் இருக்கணுமாம், எந்த இடத்துல என்ன பண்ணலாம்னு அதுலதான் இருக்கு. அது போக சாப்பாட்டு ஐட்டம்னா 2018 சுகாதார விதிப்படி தனி சர்டிபிகேட், இன்ஸ்பெக்டர் வந்து கிச்சன பாத்துட்டுதான் குடுப்பாரு. என் கிச்சன் சுவத்துல இருக்குற எண்ணெய்ப் பிசுக்க பாத்தா மனுஷன் ஓடியே போயிடுவாரு! இனத்துக்கு ஒரு ஏரியான்னு பிரிச்ச நிறவெறி காலத்து குரூப் ஏரியாஸ் சட்டத்துல எங்க ஆயா தாத்தாவ டர்பன்ல இந்த சாட்ஸ்வொர்த்துல கொண்டாந்து போட்டப்போ எந்த ஏரியா வேணும்னு ஒருத்தரும் கேக்கல, இப்ப பேத்தி முறுக்கு சுட ஃபாரம் நிரப்பிக்கிட்டிருக்கேன். போர்ட கழட்டியாச்சு, மாவு மட்டும் டப்பால ரெடியா இருக்கு.