ஐந்தரை என்றால் நல்ல சுகர், அம்மா

"அஞ்சரையா? என்னடி சொல்ற, புள்ள கண்ணு முழிச்சிருக்காளா?" மதுரையிலிருந்து அம்மா போனில் போட்ட சத்தத்தில் என் மகளே மிரண்டுவிட்டாள். அம்மாவுக்குத் தெரிந்த சுகரெல்லாம் நூறு, நூற்றி நாற்பது, இருநூறு. கனடாவில் ரத்தச் சர்க்கரைக் கணக்கு மில்லிமோலில், நம்மூரில் மில்லிகிராமில். பதினெட்டால் பெருக்கினால் நம்மூர்க் கணக்கு வரும், 5.5 என்றால் 99. எல்லாம் சொல்லியும், "பக்கத்துல இருந்தா நானே பாத்துக்குவேன்ல" என்று அழுதார். அது சுருக்கென்று தைத்தது.

மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய், தினமும் இன்சுலின் ஊசி வேண்டும். இன்சுலின் பிறந்த டொராண்டோவிலேயே குடியிருக்கிறோம். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக அந்த ஊசியைப் போட்டது இங்குள்ள ஜெனரல் ஆஸ்பத்திரியில்தான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு கும்பிடு போடுவேன்.

மருந்துக்குக் குறையில்லை, ஆள்தான் இல்லை. மதுரையில் பிள்ளை துவண்டு உட்கார்ந்தால் எதிர்வீட்டு அத்தை முதலில் பார்த்திருப்பார். இங்கே வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் போய்விட்டால் நானும் போனும்தான். மகள் கையில் ஒட்டிய சென்சார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுகர் எண்ணைப் போனுக்கு அனுப்பும். ராத்திரி முழுக்கப் போனைத் திறந்து திறந்து பார்ப்பேன்.

அந்த அவஸ்தையைத் தீர்த்தது ஒரு மேசைக் கடிகாரம். உலான்சி டிசி001 என்று பெயர். முகத்தில் 32-க்கு 8 புள்ளி விளக்குகள், உள்ளே ஈஎஸ்பி32 சிப். ஸ்குரூ ஒன்றையும் கழற்ற வேண்டாம். கம்ப்யூட்டரில் வயரைச் சொருகி, குரோமில் புது ஃபர்ம்வேரை, அதாவது கடிகாரத்தை இயக்கும் மென்பொருளை ஏற்றி, வைஃபை பாஸ்வேர்டும், சென்சார் எண்களை இணையத்தில் காட்டும் நைட்ஸ்கவுட்டில் எங்கள் முகவரியும் கொடுத்தோம். மணி காட்டிய இடத்தில் சுகரும், பக்கத்தில் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் ஒரு அம்பும் வந்து நின்றன. இந்த நைட்ஸ்கவுட்டுக்கு விதை போட்டவரும் பிள்ளை பெற்றவர்தான்: ஒன்டாரியோ ஏரிக்கு அந்தப் பக்கம், நியூயார்க் மாநிலத்தில், ஜான் காஸ்டிக். நாலு வயது மகனின் சுகரை வேலையிடத்தில் இருந்தே பார்க்க 2013-இல் அவர் எழுதிய நிரல் அது.

இருட்டிலும் கட்டிலில் படுத்தபடியே தெரிகிறது. சுகர் 3.9-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து, எண்ணின் நிறம் மாறும். ஜூஸ் டப்பாவோடு எழுந்துவிடுவேன். சென்சார் பார்ப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள திசுநீரை. சில நிமிடம் பின்தங்கித்தான் சொல்லும். அதனால் கடிகாரம் என்ன காட்டினாலும், "கை நடுங்குதும்மா" என்றால் விரலில் குத்திப் பார்ப்போம்.

ஊருக்குக் கொண்டுபோக இன்னொன்று வாங்கி, அம்மாவுக்காக நம்மூர்க் கணக்கில் மாற்றி வைத்திருக்கிறேன். பேத்தியின் சுகர் இனி டிவி பக்கத்திலேயே தெரியும்.

இந்த நாட்டுக்குப் பழகியாயிற்று என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். தை பிறந்தால் மட்டும் முடிவதில்லை. அம்மா வீட்டுச் சர்க்கரைப் பொங்கலை யார் எடை போட்டார்கள்? இலையில் நெய் வழிய விழும், கேட்கக் கேட்க விழும். இங்கே தராசில் வைத்து, மாவுச்சத்தைக் கணக்குப் பார்த்து, ஊசி போட்டுக் கால் மணி நேரம் காக்க வேண்டும். மகள் ஸ்பூனோடு கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்துகொள்வாள். அம்பு ஏறாமல் இறங்காமல் நேராக இருந்தால், "இன்னும் கொஞ்சம்" என்று கிண்ணத்தை நீட்டுவாள். மறுபடி எடை போட்டு, அதற்கும் ஊசி போட்டுக் கொடுக்கிறேன்.