ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10-உம் லினக்ஸ் மின்ட்டும்

சிம்மக்கல்லில் கல்யாணப் பத்திரிகை போடும் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கடைக்கு இருப்பது ஒரே கம்ப்யூட்டர், அதில் ஆறாம் தலைமுறை ஐ5 பிராசஸர். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டது. இந்த ஐ5-க்கு விண்டோஸ் 11 கிடையாது. விண்டோஸில் ஓடும் கோரல்டிரா டிசைன் மென்பொருளும் பாமினி தமிழ் எழுத்துருவும் இல்லாமல் எனக்குப் பிழைப்பு நடக்காது. அதற்காக அப்டேட் நின்றுபோன விண்டோஸில் பேங்க் கணக்கைத் திறக்கவும் மனசு ஒப்பவில்லை. டிசைன் வேலைக்கு நெட் இல்லாத விண்டோஸ், மற்றதற்கெல்லாம் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் என்று முடிவெடுத்தேன்.

மார்கழியில் முகூர்த்தம் இல்லை, கடையில் கூட்டமும் இல்லை. மாதாந்திர மின்தடை இல்லாத நாளாகப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்கின் பிரிவுகளில் (பார்டிஷன்) கை வைக்கும் நேரத்தில் கரன்ட் போனால் எங்கள் யுபிஎஸ் பத்து நிமிஷம்கூடத் தாங்காது. வாடிக்கையாளர் ஃபைல்களை முதல் நாளே வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டேன். இதைச் செய்யாமல் யாரும் தொடங்காதீர்கள்.

மின்ட்டுக்கு டிஸ்க்கில் இடம் ஒதுக்குவதுதான் பெரும்பாடு. வேலை ஃபைல்கள் இருக்கும் டி டிரைவைத் தொட மனசு வரவில்லை. சி டிரைவில் 110 ஜிபி காலியாக இருந்தும், சுருக்கப் போனால் விண்டோஸ் 14 ஜிபிதான் தருவேன் என்றது. நகர்த்த முடியாத ஃபைல்கள் நடுவில் உட்கார்ந்திருந்ததுதான் காரணம். ஹைபர்னேஷன் (திறந்திருப்பதை டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணைவது), பேஜ் ஃபைல் (மெமரி போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்), ரீஸ்டோர் பாயிண்ட் (பழைய நிலைக்குத் திரும்பச் சேமித்து வைப்பது) மூன்றையும் அணைத்து ரீஸ்டார்ட் செய்ததும் 60 ஜிபி கிடைத்தது. ஹைபர்னேஷனோடு, விண்டோஸை வேகமாகத் தொடங்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போய்விடும், போவதே நல்லது. அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக மூடாது, மின்ட்டிலிருந்து டி டிரைவில் எதையும் சேமிக்க முடியாமல் போகும்.

பென்டிரைவிலிருந்து மின்ட்டை ஏற்ற அரைமணி நேரம்கூட ஆகவில்லை. டிஸ்க் முழுவதையும் அழிக்கும் தேர்வைத் தொடாமல், ‘விண்டோஸுடன் சேர்த்து’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ரீஸ்டார்ட் செய்ததும் நேராக விண்டோஸே வந்தது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில், எது முதலில் தொடங்கும் என்ற பூட் வரிசையில் மின்ட்டை மேலே ஏற்றியதும் இரண்டும் பட்டியலில் தெரிந்தன.

மறுநாள் காலை 9.40-க்கு விண்டோஸில் முதல் ரசீது அடித்தேன். “அண்ணே, விடிகாலை நாலு பத்துன்னு போட்டிருக்கே?” என்றார் வாங்கியவர். சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால். மதர்போர்டிலுள்ள கடிகாரத்தில் மின்ட் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரமாகப் படிக்கிறது. நெட் இல்லாததால் அது தானாகத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. மின்ட்டில் கட்டளை தட்டும் திரையான டெர்மினலில் ஒரே கட்டளையில், மதர்போர்டு கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டேன்.

இப்போது வாட்ஸப்பில் வரும் மணமக்கள் விவரத்தை மின்ட்டில் இறக்கி டி டிரைவில் போடுகிறேன். விண்டோஸுக்கு மாறினால் ஃபைல் அங்கே தயாராக இருக்கிறது. தை முகூர்த்தப் பத்திரிகைகள் எல்லாம் இப்படித்தான் அச்சுக்குப் போயின.